டர்போக்காரரின் காது

என் வீட்டுக்காரருக்கு ஊரில் 'டர்போ' என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். இருபத்தாறு வருடமாக, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பணக்காரர்கள் ஆசைக்கு வாங்கி வைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்க்கிறார். அவரது முறை இதுதான்: நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை, என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போமீது வைத்து, பிடியில் காதை ஒட்டிக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால்தான் கழற்றுவார். சேகரிப்பு வண்டியில் டர்போக் குழாயை இறுக்கிக் கம்பெனி போட்ட கிளாம்பைச் சும்மா தொட்டால் மதிப்புக் குறைந்துவிடுமாம்.

அந்தக் காதுதான் போன வருடத்திலிருந்து மக்கர் பண்ணியது. குக்கர் விசில் கேட்காது, செல்போன் மணி கேட்காது. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன கேடு?" என்று எரிந்து விழுவார். வீம்பு பிடித்த மனுஷன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் விற்பவர்களிடம் சோதித்துப் பார்க்கக் கேட்டு வாங்கி, இரண்டு டர்போ கார்களை டிரைவர் ஒருவரோடு ஓட்டிக்கொண்டு வந்தார். ஒன்று ஜெர்மன், ஒன்று ஜப்பான். சேமிப்பு முழுவதையும் போட்டு ஒன்றை வாங்கப் போகிறாராம்.

"நீங்க எதைக் கைகாட்டுறீங்களோ, அதான்" என்றார்.

இவர் இரண்டையும் ஓட்டிவிட்டு வந்தார். "ஜெர்மன் வண்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, திடீர்னு முதுகுல கைவச்சுத் தள்ளுது சார். ஜப்பான் வண்டில ரெண்டு சின்ன டர்போ. ஒண்ணு விட்ட இடத்துல இன்னொண்ணு பிடிச்சுக்குது."

ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக் கேட்டார். "ரெண்டும் சுத்தம். ஜப்பானையே எடுங்க."

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பான் வண்டியை முடுக்கும்போதெல்லாம் காதோரம் கொசு பாடுவதுபோல் மெல்லிய ஊளை. இத்தனை வருடம் அடுப்படியில் நின்றே கேட்டவள், எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தால் இவர் மானம் போகும். மூடினால் டாக்டரின் சேமிப்பு போகும்.

"ஏங்க, அந்த வண்டியை இன்னொரு தடவை முடுக்குங்க."

முறைத்தார். ஆனாலும் ஏறி முடுக்கினார். ஊளை எழுந்ததும் விரலைத் தூக்கினேன், அடங்கியதும் இறக்கினேன். மூன்று தடவை. அவர் என் விரலையே பார்த்தார். டர்போ வண்டியைப் பட்டென்று அணைக்கக் கூடாது, சூடு தணிய இரண்டு நிமிடம் ஓட விட வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அணைத்துவிட்டு இறங்கினார். "சார், எனக்குக் காது சரியில்ல. ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. இவளுக்குக் கேக்குது."

விற்பவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, சூடு ஆறியதும் கிளாம்பைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு அச்சைத் தொட்டார். லொடலொடவென்று ஆடியது; டர்போ தேய்ந்துபோயிருந்தது.

டாக்டர் ஜெர்மன் வண்டியை முடிவு செய்தார். கிளம்பும்போது எனக்கு மட்டும் நன்றி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு இவர் சாப்பிட வரவேயில்லை.

வியாழக்கிழமை அடுத்த வண்டி வந்தது. தெருவுக்கே கேட்கும்படி ஷெட்டிலிருந்து கத்தினார்: "ஏய், அடுப்பை அணைச்சிட்டு வா! வண்டி முடுக்கப் போறேன்!"

"வர்றேன், கத்தாதீங்க! எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு!"

அது அவருக்குக் கேட்டிருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.