அத்தாவின் பெயரில் வந்த மேற்கோள்கள்

நான் நுரையீரல் நோய்களை ஆராய்கிறவள். எங்கள் தொழிலில் நீ என்ன கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. உன் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். பதவி உயர்வும் அதை வைத்துத்தான். அந்தக் கணக்கைத் திட்டாத நாளில்லை, காலையில் எழுந்ததும் அதைப் பார்க்காத நாளும் இல்லை.

என் கணக்கு குழம்பியது பெயரால். படிக்கிற காலத்தில் எழுதிய கட்டுரைகளில், நம் வழக்கப்படி அத்தாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு என் பெயரை எழுதினேன். பிறகு பாஸ்போர்ட் எடுக்கப் போனால் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. எல்லோரையும் போல நானும் அத்தாவின் பெயரை அங்கே எழுதிவைத்தேன். அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆய்விதழ்கள் அவர் பெயரை முழுதாகப் போட்டு, என்னை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டன.

கொச்சியில், கொச்சங்காடிக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைக்கிறவர்களின் இருமலைப் பற்றி நான் எழுதியதும் அப்படித்தான் வெளியானது. என் கட்டுரைகளில் ஓரளவு பேர் வாங்கியது அது ஒன்றுதான். அத்தா மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரி. அவர் சொல்லியிருக்காவிட்டால் எந்தக் கிடங்குக்காரரும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார். அவருக்கும் அதே இருமல் இருந்தது. இன்ஹேலரைக் கொடுத்தால் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்.

"என் பேரு அதுல எங்கயாச்சும் வருமா?" என்று அப்போது ஒரு தடவை கேட்டார்.

"கடைசியில நன்றி சொல்ற இடம் இருக்கு அத்தா. அங்க போடுறேன்" என்றேன்.

போடவும் செய்தேன். ஆய்விதழ்க்காரர்கள் அதைச் சுருக்கி, உள்ளூர் வியாபாரிகளுக்கு நன்றி என்று அச்சடித்துவிட்டார்கள். அத்தாவிடம் சொன்னபோது, "வியாபாரிதானே நான், சரியாத்தான் போட்டிருக்காங்க" என்று சிரித்தார். கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே அவர் பெயர் முழுதாக இருந்தது. அது என் பெயர் என்ற நினைப்பில், எனக்கு அது அவருடையதாகத் தோன்றவே இல்லை.

பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது வினை வந்தது. மேற்கோள்களைத் திரட்டும் இணையதளத்தில் நான் இரண்டு ஆட்களாக இருந்தேன். நல்ல மேற்கோள்கள் எல்லாம் அத்தாவின் பெயரில் கிடந்தன. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கினேன். எந்தப் பெயர் மேலே இருக்கட்டும் என்று கேட்டார்கள். என் பெயர் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதவி உயர்வு கிடைத்ததைச் சொல்லக் கடைக்குப் போனேன். அத்தா சாயா வரவழைத்தார். பட்ட பாட்டையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த வெளிநாட்டுக்காரங்க எல்லாம் என் பேரையா எழுதினாங்க?"

"ஆமா அத்தா."

"காட்டு."

போனில் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"உன்னோட பேருதானே இருக்கு."

"மாத்தியாச்சு அத்தா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

பழைய கட்டுரையைத் தேடி எடுத்திருந்தால் அவர் பெயர் இருந்திருக்கும். எனக்குப் படகுத்துறைக்கு ஓடி எறணாகுளம் போட்டைப் பிடிக்கிற அவசரம். வீட்டுக்கு வரும்போது காட்டுகிறேன் என்றேன்.

"அது மதி மோளே, அதுவே போதும். உன்னோட உழைப்பு, உன்னோட பேரு." போனில் படிந்த சுக்குத் தூசியை வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு வீட்டுக்குப் போன போதெல்லாம் பேச்சு மருந்து, மூச்சு என்றே போனது. அவரும் கேட்கவில்லை. அந்த மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்து இறந்துபோனார். அவர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அது என் கையில், போனுக்குள்ளேயே இருந்தது.

என் பட்டியலைத்தான் நான் மாற்ற முடிந்தது. மற்றவர்கள் எழுதுவதை மாற்ற முடியாது. போன வாரம் யாரோ என்னை மேற்கோள் காட்டியிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. எங்கோ தூர தேசத்துக் கட்டுரை. திறந்து பார்த்தேன். சுக்குத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று அத்தா காட்டியிருப்பதாக, அவர் பெயரை முழுதாக எழுதியிருந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட்டு என்று கேட்டவர் இல்லை.