கவனமாக ஊற்றிய தண்ணீர்

இருபத்திரண்டு வயதில் நான் ஆங்கில வாத்தியாரானேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், கீரிமலைக்குப் போகும் தெருவை ஒட்டிய சிறு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம் என் பொறுப்பு. அங்கே நான் செய்ததை நினைத்தால் என் வலது கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சாகுமுன் அதை எழுதிவிடுகிறேன்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்குப் பலகையில் இருத்தாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு உதவிப் பணம் நிற்கும் என்று வெள்ளைக்கார அரசாங்கம் கட்டளையிட்ட காலம் அது. அதுவரை எங்கள் வகுப்பில் கள்ளிறக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் தரையில் சாக்கு விரித்து இருந்தான். கட்டளை வந்தபின் வாங்கின் நுனியில் ஏறி இருந்தான். பக்கத்துப் பிள்ளை ஒரு முழம் தள்ளி இருந்தது. ஆனால் கிணற்றடிக்கு மட்டும் அவன் வரக்கூடாது.

"தம்பி, அவங்கள் வாங்கைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாங்கள். கிணத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றார் தலைமையாசிரியர்.

ஆகவே யாராவது தண்ணீர் அள்ளி அவன் கையில் ஊற்றவேண்டும். தங்கள் பிள்ளைகள் ஊற்றுவதைப் பெற்றோர் விரும்பவில்லை. ஆசிரியர்களில் இளையவன் நான். அந்த வேலை என் தலையில் விழுந்தது. செம்பை அவன் கைகளுக்கு மேலே ஒரு சாண் உயர்த்திப் பிடித்து ஊற்றுவேன். தெறித்த துளி ஒன்று செம்பில் பட்டாலும் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தேய்ப்பேன்.

அந்தத் தவணையில் வினையுரிச்சொற்களைப் படிப்பித்தேன். செயலைச் சொன்னால் போதாது, அது எப்படி நடந்தது என்றும் சொல்லவேண்டும் என்று விளங்கப்படுத்துவேன். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பிள்ளையை முன்னே அழைத்து ஏதாவது செய்யச் சொல்வேன். எப்படிச் செய்கிறான் என்பதை வகுப்பு ஒரு சொல்லில் சொல்லவேண்டும். மெல்ல நடந்தால் 'சிலோலி', உரக்கக் கத்தினால் 'லவுட்லி'. நல்ல முறைதான். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. பிறகு கெஞ்சுதல், பயந்து ஒதுங்குதல், ஆசைப்பட்டு விழுங்குதல் என்று பாடம் வளர்ந்தது. கமக்காரரின் பிள்ளையைக் கெஞ்சி நடிக்கச் சொன்னால் தகப்பன் சண்டைக்கு வருவான். இவனுடைய தகப்பன் வரமாட்டான்.

"டேய், முன்னுக்கு வா."

"திரும்பவும் நானோ சேர்?"

"ஓம். உன்னை விட்டால் ஆர் உப்பிடி நடிக்கிறது? கையை ஏந்து, தண்ணி குடி."

செம்பை வகுப்புக்கே கொண்டுவந்து ஊற்றினேன். "எப்பிடிக் குடிக்கிறான்?" என்று கேட்டேன்.

"கிறீடிலி சேர்!" என்று வகுப்பு கத்தியது. பேராசையோடு குடிக்கிறானாம்.

"சேர், எங்கடை வீட்டு நாம்பன் மாடும் உப்பிடித்தான்!" என்றான் முன்வாங்குப் பையன் ஒருவன்.

குடித்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்கடை நாம்பனுக்கு ஒரு தொட்டியாவது இருக்குதடா" என்றான். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. "வாய் காட்டாதை" என்று பிரம்பால் ஒன்று போட்டேன்.

வகுப்பில் அவன்தான் கெட்டிக்காரன். ஆண்டு முடிவில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும் வித்தியாதரிசி, நன்றாகப் பதில் சொல்லும் ஒரு பிள்ளையைப் பெரிய ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லாமல் சேர்க்கச் சிபாரிசு எழுதுவார். அது இவனுக்குத்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதை விட்டால் இவனுக்குப் பனைதான்.

வித்தியாதரிசி வெள்ளைக்காரரில்லை, எங்கள் ஆள்தான். கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். ஆளுக்கொரு வினையுரிச்சொல் வைத்து வசனம் சொல்லச் சொன்னார். ஆமை மெல்ல நடக்கிறது என்றது ஒரு பிள்ளை. இவன் முறை வந்தது. எங்கள் ஆசிரியர் எனக்குக் கவனமாகத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

"வெரி குட். ஏன் கவனமாக?" என்று அவரும் ஆங்கிலத்தில் கேட்டார்.

"செம்பு என் கையில் படக்கூடாது, சேர். அதற்காக."

குத்திக்காட்டினானா, கேட்டதற்குப் பதில் சொன்னானா, எனக்கு இன்றும் தெரியாது. தலைமையாசிரியர் செருமினார். வித்தியாதரிசி என் பக்கம் திரும்பி, அப்படியா என்றார்.

"நிச்சயமாக இல்லை, சேர்" என்றேன். "இவன் பொய் சொல்லிப் பழகியவன். சொற்களைப் பாடமாக்கிவிட்டுக் கருத்துத் தெரியாமல் ஒப்பிக்கிறான்."

அவர் ஏதோ எழுதினார். சிபாரிசு ஆமை நடக்கிறதென்று சொன்ன பிள்ளைக்குப் போயிற்று. "தப்பினம் தம்பி" என்று தலைமையாசிரியர் என் தோளில் தட்டித் தேத்தண்ணி வரவழைத்தார். அதையும் நான் குடித்தேன்.

அன்று பின்னேரம் தகப்பன் மகனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுப் படலைக்கு வெளியே வந்து நின்றான். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்கு இறங்கியது.

"நயினார், பொடியன் துரையிட்டை ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டானாம். பொறுத்துக்கொள்ளவேணும்."

அந்த நேரத்திலும் உண்மையைச் சொல்லி வித்தியாதரிசிக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பையன் என்னை நேராகப் பார்த்தான்.

"சேர், நான் சொன்ன வசனத்திலை என்ன பிழை?"

"எல்லாம் பிழை" என்றேன்.

"கேட்டியோ மோனை? படிச்சது காணும், இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்றான் தகப்பன். வெயிலில் நடந்து வந்தவன்; போகுமுன் விடாய்க்கிறது என்றான். நான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவன் குனிந்து கைகளை ஏந்தினான். என் கை தானாக ஒரு சாண் உயர்ந்தது. ஊற்றினேன். அவன் குடித்து முடிக்கும்வரை பையனின் கண் செம்புக்கும் கைக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியிலேயே இருந்தது.

"நீயும் குடி" என்றேன்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம் சேர்" என்றான்.

மறுநாள் வாங்கின் நுனி வெறுமையாக இருந்தது. பக்கத்துப் பிள்ளை அந்த ஒரு முழத்தையும் நகர்ந்து வசதியாக இருந்துகொண்டது. நான் பாடத்தைத் தொடங்கினேன்.