குண்டம்மாவுக்காக இருட்டில் ஓட்டியவர்

தெசிதேரியோ கொதோசெயோவைப் போல வண்டி ஓட்ட எங்கள் மலையில் இன்னொருத்தர் பிறந்துதான் வர வேண்டும். மலையுச்சி வானாய்வகத்தில் டிரைவர் வேலைக்கு வரும் முன் வெள்ளாடு மேய்த்தவர் அவர். எங்கள் மலைப்பாதையில் ராத்திரியில் முன்விளக்கு போடக் கூடாது. வெளிச்சம் தொலைநோக்கிக்குள் போனால் படம் பாழ். அடிவாரக் கதவைத் தாண்டும் வரை சின்ன மஞ்சள் விளக்கோடு, கிடுகிடு பள்ளத்தின் ஓரமாக ஊர்ந்துதான் இறங்க வேண்டும். ஒருமுறை மறந்துபோய் விளக்கைப் போட்ட டிரைவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

தெசிதேரியோவின் மனைவி சுனில்தாவுக்கும் வானாய்வகத்திலேயே சமையல் வேலை. வாய் சும்மா இருக்காது. விஞ்ஞானி லொரெத்தோ ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தான் படமெடுக்கும் விண்மீன் மண்டலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான மண்டலங்கள் கூடிய ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே அதுதான் பளிச்சென்று இருக்கிறதாம். கிட்டே வந்த சின்னதுகளை விழுங்கி விழுங்கியே அவ்வளவு பெரிதானதாம்.

“அக்கம்பக்கத்தை எல்லாம் தின்னு பெருத்தவளா? அப்ப குண்டம்மான்னு பேர் வைங்க,” என்றாள் சுனில்தா, மாட்டிறைச்சிச் சாற்றை அகப்பையால் ஊற்றியபடி. அன்றிலிருந்து அடுக்களையில் அதுதான் பேர். “குண்டம்மா கெடச்சாளா?” என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் காப்பியே கொடுப்பாள். பல நாளாக மேகம் மறைத்து, குண்டம்மா கிடைக்கவே இல்லை.

எங்கள் தென்கோளத்து மே மாதக் குளிரில் ஒருவழியாக வானம் திறந்த அன்று, ராத்திரிச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்த சுனில்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவ உதவியாளர் லீவு. தெசிதேரியோ அவளை அள்ளிக்கொண்டு போய் வண்டியில் கிடத்தினார். கை நேராக முன்விளக்கு விசைக்குப் போனது.

“போட்டுராதய்யா! மேல குண்டம்மாவைப் புடிச்சிட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு எத்தனை நாளா காத்துக் கெடந்துச்சு!”

“வாய மூடிட்டுப் படு புள்ள.”

“வேலையும் போயிரும். மறுபடி ஆட்டுக்குப் பின்னாடி அலையப் போறியா?”

கை திரும்பி வந்துவிட்டது. வளைவு வளைவாக ஊர்ந்தார். வாயாடிக்கொண்டே வந்தவள் அடிவாரக் கதவுக்கு முன்னாலேயே பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு அவர் விளக்கைப் போட்டுப் பறந்து என்ன பயன்? “கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா...” என்று இழுத்தார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்தக் கொஞ்சம் எங்கே போனதென்று தெசிதேரியோவுக்குத் தெரியாதா?

துக்கம் கேட்க லொரெத்தோ வீட்டுக்கே வந்தாள். கையில் சட்டம் போட்ட படம்.

“அன்னைக்கு நீங்க இருட்டுல இறங்கினதாலதான் இது கெடச்சுது. இதுல சுனில்தாவுக்கும் பங்கு இருக்கு.”

நல்ல மனசோடுதான் சொன்னாள், பாவம். தெசிதேரியோ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் மங்கலான பெரிய வெளிச்சம், சுற்றிலும் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்.

“நான் விளக்கு போட்டிருந்தா?”

“இந்தப் படம் கெட்டிருக்கும்.”

“அப்புறம்?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சொல்லத் தெரியவில்லை.

“மறுநாள் எடுத்திருப்போம்.”

“மறுநாளும் இவ அங்கேயே இருந்திருப்பாளா?”

“கோடிக்கணக்கான வருஷமா அங்கேதானே இருக்கா.”

“இதை அன்னைக்கே எனக்கு ஒருத்தரும் சொல்லலையே, அம்மா,” என்று அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழுதார்.