வருஷத்துக்கு மூன்று ஆட்டம்

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர அதில் பெரிதாக எதுவும் வராது. போன வாரம் ஒருத்தி ஒரு செய்தி போட்டிருந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியை எங்கள் வட்டாரத்தில் மறுபடியும் நாக் அவுட் முறைக்கே மாற்றப் போகிறார்களாம். ஒரே நாளில் முடித்துவிடலாமாம். மைதானம் கிடைப்பதில்லை, பாடம் கெடுகிறது என்று காரணமும் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே நாலு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். எதற்குக் கும்பிட்டார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நான் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போக வேண்டிய மெயிலைப் பாதியில் விட்டுவிட்டு அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாக் அவுட் என்றால் என்ன என்பதை எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் காற்றில் கண்ணில் மண் விழ விழ ஓடிப் பழகுவோம். ஆகஸ்டில் ஒரு நாள் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்போம். கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைப் பதினோரு மணிக்கே தின்றுவிட்டு வேன் ஏறுவோம். அத்தோடு அந்த வருஷம் முடிந்தது.

திருப்பூரில் மங்கலம் பக்கத்தில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. பத்தாவது வரைதான். பெண்கள் அணியில் பாதிப் பேர் சுற்றுவட்டார ஊர்க்காரப் பிள்ளைகள். தறி ஓட்டுகிறவர்கள், தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வீடு. மீதிப் பேர் என்னைப் போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வீடு. என் அப்பா திருநெல்வேலிப் பக்கம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியை விட்டு நகரவில்லை. அம்மா அதே கம்பெனியில் செக்கிங்.

நான் பத்தாவது போனதும் அப்பா பந்துக்கு ஒரு கெடு வைத்தார். அடிக்கவோ திட்டவோ தெரியாத மனிதர். ஆனால் பத்தாவது என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த பயம் போலீஸ்காரனுக்கும் வைத்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஆடு, வேண்டாங்கல. ஆனா என்னைக்குத் தோத்துட்டு வாரியோ, அன்னையோட பந்தைத் தொடக் கூடாது. சரியாட்டி?"

நான் உடனே சரி என்றேன். அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. ஒவ்வொரு வருஷமும் நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஒரு நாள் காலையோடு முடிகிற விஷயத்துக்கு மகளிடம் நல்ல பெயரும் வாங்கிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எங்கள் பி.டி. டீச்சர் அந்த வருஷம் போட்டி முறையையே மாற்றிவிட்டிருந்தார். உள்ளூர்க்காரர், ஒல்லியான உடம்பு. ஸ்கூட்டியில் எப்போதும் பந்து வலை தொங்கும். வட்டாரத்து பி.டி. ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் இரண்டு விஷயம் கேட்பாராம். ஒன்று, நாக் அவுட்டை விட்டுவிட்டு லீக் வையுங்கள், நாலு நாலு பள்ளியாகப் பிரித்து எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும், ஒரு பிள்ளைக்கு மூன்று ஆட்டமாவது கிடைக்கும். இரண்டாவது, பத்தாவது வரை உள்ள சின்னப் பள்ளிகளை, பன்னிரண்டாவது வரை ஓடுகிற, விளையாட்டு விடுதி வைத்திருக்கிற பெரிய பள்ளிகளோடு ஒரே பிரிவில் போடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் டீ, போண்டாவோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அந்த வருஷம் லீக்குக்கு மட்டும் தலையாட்டினார்கள். மூன்று சனிக்கிழமை, மூன்று ஆட்டம், ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். பெரியது சின்னது பிரிப்பதை மட்டும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் பார்ப்பதன் விலை முதல் சனிக்கிழமையே தெரிந்தது. எங்கள் பிரிவில் ஒரு பெரிய பள்ளி இருந்தது. பதினோராவது படிக்கும் அக்காக்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஸ்டட் வைத்த ஷூ. ஸ்டாப்பர் இடத்தில் நின்ற நான் அவர்களைத் தடுத்ததை விட அவர்கள் முதுகைப் பார்த்து ஓடியதுதான் அதிகம். ஆறு கோல் வாங்கினோம். ஒன்று கூடப் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எதுவும் கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்கும். கால்பந்து ஷூவை எடுத்துப் பரண் மேல் வைத்தார். நான் பதறிப்போய், இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. தோற்றவனுக்கு எங்கேயாவது மறுபடி ஆட்டம் உண்டா, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்றார். அழுதேன். சத்தியம் பண்ணினேன். அம்மா, வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வாங்களேன் என்றாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நிஜமாகவே வந்துவிட்டார். நானும் கூட நின்றேன். தோற்றுவிட்டு எப்படி இன்னும் ஆட முடியும் என்று அவர் கேட்டதற்கு டீச்சர் புள்ளிக் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஜெயித்தால் மூன்று, சமமாக முடித்தால் ஒன்று, தோற்றால் இல்லை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே எதையும் ஏற்றுக்கொள்ளாமல் நின்றார். டீச்சர் பேச்சை மாற்றினார்.

"ஏனுங்க, உங்க கம்பெனில நாலு பீஸ் ஆல்டர் வந்தா மொத்தத்தையும் குப்பைல போட்டுருவாங்களாங்க?"

"அதெப்படி டீச்சர்? பிரிச்சுத் தச்சுக் குடுப்போம்லா."

"அதேதானுங்க இது. இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்குதுங்க. புள்ளைங்க பிரிச்சுத் தைக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு பெரிய பொய் சொல்லி மாட்டிக்கொள்வேன் என்று நினைத்திருந்தார் போல. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் இறங்கி வந்தார். கெடுவை மட்டும் மாற்றிக்கொண்டார். கடைசி ஆட்டத்தில் தோற்றால் அன்றோடு பந்து கிடையாது. டீச்சரையே சாட்சி வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போனார். ஷூ பரணிலிருந்து இறங்கியது.

இரண்டாவது சனிக்கிழமை நடந்தது திருப்பூரில் மட்டுமே நடக்கக்கூடியது. உலகத்தில் எங்கெங்கோ ஆடுகிற அணிகளுக்கு ஜெர்சி தைத்து அனுப்பும் ஊரில் எங்களுக்கென்று ஜெர்சி கிடையாது. அந்த வருஷம் அப்பாவின் கம்பெனியில் பிரிண்ட் தப்பாகிப் போன ஒரு லாட் இருந்தது. வானீல நிறம், நல்ல துணி, ஆனால் எல்லாப் பீஸுக்கும் முதுகில் ஒன்பது. அப்பா சூப்பர்வைசரிடம் கேட்டு எங்கள் அணிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் ஆட்டத்தில் பதினோரு பேரும் ஒன்பதாம் நம்பர். நடுவர் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு வேனிலிருந்து இறங்கினால், எதிர் அணியும் வானீலம். எதிர் அணிக்கும் முதுகில் ஒன்பது. அதே லாட்டில் மிச்சம் இருந்தது கழித்த சரக்கு விற்கும் காதர்பேட்டை கடைக்குப் போயிருக்கிறது. அந்தப் பள்ளிக்காரர்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வந்திருக்கிறார்கள். மைதானத்தில் இருபத்திரண்டு ஒன்பதுகள். பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காசு சுண்டிப்போட்டுத் தோற்கிறவர்கள் ஜெர்சியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். தோற்றது நாங்கள்தான். பின்னே?

கையோரத்திலும் இடுப்போரத்திலும் தையலும் நூல் பிசிறுமாக, வாஷிங் லேபிள் விலாவில் ஆட, ஒரு மணி நேரம் ஆடினோம். அணிக்கு ஒரு கோல். சமம். எங்கள் பள்ளியின் வரலாற்றில் தோற்காமல் முடிந்த முதல் ஆட்டம் அது. வேனில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இந்தக் கூத்தையெல்லாம் சொன்னேன். கோல் யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. ஜெர்சியைப் பிடித்து இழுத்தார்களா என்று கேட்டார். இழுத்தார்கள், எத்தனையோ தடவை இழுத்தார்கள் என்றேன். தையல் பிரிந்ததா என்றார். ஒரு இடத்தில் கூடப் பிரியவில்லை என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான், அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துவிடுவீர்களா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது ஆட்டம் இன்னொரு சின்னப் பள்ளியோடு. எங்களைப் போலவே பத்தாவது வரை உள்ள பள்ளி, எங்களைப் போலவே பாதிப் பேர் வெறுங்கால். முதல் பாதியில் காற்று எங்களுக்கு எதிர். கோலி உதைத்த பந்து அவள் தலைக்கு மேலேயே திரும்பி வந்தது. ஒரு கோல் வாங்கினோம். எனக்குப் பரண்தான் கண்ணில் தெரிந்தது. இரண்டாவது பாதியில் பக்கம் மாறியதும் காற்று எங்கள் கட்சி. எங்கள் கேப்டன், ஒரு தறிக்காரர் மகள், இரண்டு கோல் போட்டாள். கடைசிப் பத்து நிமிஷம் நான் பந்தை மைதானத்துக்கு வெளியே எங்கே முடியுமோ அங்கெல்லாம் உதைத்துத் தள்ளினேன். விசில் அடித்ததும் டீச்சர் தன் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். ஜெயித்துவிட்டோம்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். பக்கத்து மைதானத்து ஆட்டமும் முடிந்து கணக்குப் போட்டார்கள். பெரிய பள்ளி முதலிடம். எங்களுக்கும் அந்த வானீல ஜெர்சிக்காரர்களுக்கும் ஒரே புள்ளி. அப்படி வந்தால் போட்ட கோல், வாங்கிய கோல் பார்ப்பார்கள். முதல் நாள் வாங்கிய ஆறும் எழுந்து வந்து எங்கள் கழுத்தில் உட்கார்ந்தன. அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. டீச்சர் அங்கே இருந்த அதிகாரியிடம் போய், இதற்காகத்தானே பிரிக்கச் சொன்னேன் என்று ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். சனிக்கிழமை சம்பள நாள், அப்பா புரோட்டா பொட்டலத்தோடு வந்தார். என் அழுகையைப் பார்த்ததும் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெயித்தோம் என்று சொன்னதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலில் தோற்றபோது ஆட்டம் இருக்கிறது என்றாய், இப்போது ஜெயித்துவிட்டு ஆட்டம் இல்லை என்கிறாயே என்றார். கோல் கணக்கை எடுத்துச் சொன்னேன். நீங்கள் நிறுத்தச் சொல்லவே வேண்டாம், இனிமேல் எங்களுக்கு ஆட்டமே கிடையாது, எங்கள் பள்ளியில் பதினோராவதும் கிடையாது என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதேன்.

அப்பா பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"வருஷத்துக்கே இம்புட்டுத்தானா?"

கெடு வைத்த மனிதர் இப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை மறுபடி பர்மிஷன். பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் டீச்சரைப் பிடித்துவிட்டார். பெண்ணை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று டீச்சர் நினைத்திருக்க வேண்டும், முகம் சுண்டிப்போயிருந்தது.

"டீச்சர், புள்ள ஜெயிச்சுட்டு வந்து நிக்கி. ஜெயிச்ச புள்ளைக்கு ஆட ஒரு ஆட்டம் இல்லன்னா எப்படி? இன்னும் ஒண்ணு வைங்க டீச்சர்."

இத்தனை வருஷக் கூட்டங்களில் டீச்சர் பக்கம் நின்று ஒரு ஆள் அதைக் கேட்டதில்லை. "வெக்கறனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்திலேயே, எந்தப் போட்டியிலும் சேராத ஒரு ஆட்டம் நடந்தது. அதே வானீல ஜெர்சிக்காரர்களைத்தான் டீச்சர் கூப்பிட்டிருந்தார். அப்பா வந்திருந்தார். அவர் பார்த்த முதல் கால்பந்து ஆட்டம். எதற்குக் கத்த வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கத்தினார். எதிர் அணி கோல் போட்டபோதும் ஒரு தடவை கைதட்டிவிட்டார். நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

டிவிஎஸ் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஷூவை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். கடைசி ஆட்டத்தில் தோற்றால் அன்றோடு சரி என்று டீச்சரைச் சாட்சி வைத்துச் சொன்னவர் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மங்கலம் ரோடு முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம். எப்போது சொல்லப் போகிறாரோ என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுச் சந்தில் திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, தலையைப் பாதி திருப்பினார்.

"அடுத்த வாரம் யாரு கூடட்டி?"