உச்சமுனையில் விழுந்த இரண்டு கோல்

களப்பு என்றால் எங்கள் மட்டக்களப்புதான் என்ற பெருமையோடு வளர்ந்தவள் நான். புத்தளத்திலும் ஒரு களப்பு இருக்கிறது, அங்கே தீவுகள் இருக்கின்றன, தீவில் பந்தடிகூட நடக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒக்டோபர் முதல் சனிக்கிழமை தோளில் ஒரு பையோடு தனியாகக் கிளம்பிவிட்டேன்.

காலை 7.30க்குக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கற்பிட்டிக்கு நேரடி பஸ். தூரம் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். போனில் செயலி வழியாக முன்பதிவு செய்த ஏசி இருக்கை, 1,250 ரூபாய். ஏசி என்ற எழுத்து பஸ்ஸின் நெற்றியில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. நீர்கொழும்பு தாண்டியதும் கண்டக்டரே வந்து என் ஜன்னலைத் திறந்துவிட்டார். "ஏசி திருத்தக் குடுத்திருக்கு மிஸ்" என்றார். அப்படியென்றால் கூரையில் இருப்பது என்ன என்று கேட்டேன். அவர் காதில் விழாதவர்போல முன்னுக்குப் போய்விட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது, ஆனால் பஸ் முழுவதும் கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தது. என் முறைப்பாட்டைக் கேட்க ஆளில்லை.

பத்து மணிக்குச் சிலாபம். அங்கே ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நரை கலந்த தாடி, கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் கோல் காப்பவர்கள் போடும் கையுறை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டருக்கு அவரைத் தெரியும் போல, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"என்ன நிஸ்தார் நானா, கோல் வந்துட்டா?"

"இல்லடா, இன்னம் வரல்ல."

எங்கேயோ நடக்கும் பந்தாட்டத்தைப் போனில் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். சும்மா இருக்க முடியாமல், "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் முழித்தார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கோல் இல்ல மிஸ். போன் கோல்."

நம் நாட்டுத் தமிழில் பந்து வலைக்குள் போனாலும் கோல், போன் அடித்தாலும் கோல். இத்தனை வருடம் இரண்டையும் குழப்பாமல் எப்படிச் சமாளித்தோம் என்று எனக்கே ஆச்சரியம்.

விஷயம் இதுதான். நிஸ்தார் நானாவின் படகு எஞ்சின் ஐந்து கிழமையாகச் சிலாபத்தில் ஒரு சேவை நிலையத்தில் கிடக்கிறது. உதிரிப்பாகம் வந்ததும் அவர்கள் கோல் எடுப்பார்கள். இவர் சம்மதம் சொன்னால்தான் எஞ்சினில் கை வைப்பார்கள். எடுக்கும் நேரத்தில் பதில் இல்லாவிட்டால் வேலை அட்டையை மூடி வரிசையின் கடைசியில் போட்டுவிடுவார்களாம். போன கிழமை அப்படி ஒருமுறை போட்டும்விட்டார்கள். காலையில் நேரே போய் நின்றபோது, இன்று நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் எடுப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை நம்பாமல்தான் இப்போதே போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார். கடல் அடங்கி மீன்பிடி தொடங்கும் காலம் இது. எஞ்சின் வராவிட்டால் சொந்தப் படகைக் கரையில் ஏற்றிவிட்டு, மச்சானின் படகில் கூலியாளாகப் போக வேண்டும்.

"இந்தக் கம்பெனிகளும் நம்மட கிரிக்கெட் டீமும் ஒண்டுதான் மிஸ்" என்றார். "முதல் ஆறு ஓவர் பார்த்தா உலகக் கிண்ணம் நமக்குத்தான். விக்கிறவரைக்கும் தேத்தண்ணி, கேக், நானா நானாண்டு கூப்பாடு. வித்த பொறகு மிடில் ஓடர் ஆளே இல்ல."

முன் இருக்கைக்காரர் திரும்பி, தன் வீட்டு பிரிட்ஜுக்கு வந்த திருத்துநர் அதைத் திறந்துபார்த்து, குளிர்தண்ணி இல்லையா என்று கேட்ட கதையைச் சொன்னார். கண்டக்டரும் சேர்ந்து தன் போன் கம்பெனியைத் திட்டினார். "ஏசி?" என்று நான் நினைவுபடுத்தினேன். அவர் உடனே கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

12.50க்குக் கற்பிட்டி. ஓட்டோவில் இறங்குதுறைக்கு 200 ரூபாய். நான் தேடி வந்த உச்சமுனைத் தீவுதான் தன் ஊர் என்றும், வீட்டில் மனைவி இருக்கிறார், பயமில்லாமல் வரலாம் என்றும் நிஸ்தார் நானா சொன்னார். இரண்டு மணிக்குப் படகு, ஆளுக்கு 400. ஓட்டியவர் அவருடைய மனைவியின் தம்பி, அந்த மச்சான் றமீஸ். கற்பிட்டி அணிக்கு முன்வரிசையில் ஆடுபவர்; நானா உச்சமுனைக்குக் கோல் காப்பவர். அன்றைய ஆட்டமே கற்பிட்டிக்கும் உச்சமுனைக்கும் என்பதால், ஐம்பது நிமிடமும் எதிரணிகள் இரண்டும் ஒரே படகில்தான் வந்தன.

"மச்சான், எஞ்சினைப் போல நீங்களும் சேர்விஸுக்குப் போற காலம் வந்துட்டு" என்றார் றமீஸ்.

"உன்ட காலுக்கு வாரண்டி முடிஞ்சு எத்தன வருஷம்?"

களப்பு நீர் பச்சையாக, அலையில்லாமல் கிடந்தது. எங்கள் களப்பைவிட அழகு என்று இங்கே எழுதினால் ஊருக்குள் கால் வைக்க முடியாது, அதனால் எழுதவில்லை.

மைதானம் என்றால் மணல். இரண்டு பக்கமும் சவுக்கு மரக் கம்பங்கள், ஒரு பக்கத்தில் மட்டும் கிழிந்த மீன் வலை. நிஸ்தார் நானாவின் போனுக்கு அந்த மைதானத்தில் ஒரே இடத்தில்தான் சிக்னல் எடுக்கும்: வலை உள்ள கோலின் இடது கம்பத்தடி. இரண்டு எட்டு விலகினால் போய்விடும். அவர் கோல் காக்கத் தொடங்கியதே இதற்காகத்தான் என்று றமீஸ் சத்தியம் செய்தார்.

3.30க்கு ஆட்டம், பாதிக்கு முப்பது நிமிடம். கோல் நாலுக்குப் பிறகு என்பதால் இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் தனக்கு வேண்டும் என்று நானா கேட்டு வாங்கினார். அங்கே மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். எதிரணி சந்தோஷமாக விட்டுக்கொடுத்தது. இடைவேளையில் போனை என் கையில் தந்து கம்பத்தடியில் நிற்கவைத்தார்.

"அசையாதீங்க மிஸ். கோல் வந்தா உடனே சத்தம் போடுங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்குவன்."

பந்தை நான் பார்க்கவே இல்லை. திரையில் ஒரு கோடும் இரண்டு கோடுமாக வந்து போன சிக்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுக்கு ஒன்று என்று யாரோ சொன்னார்கள். 4.36க்கு, முடிய நாலு நிமிடம் இருக்க, கற்பிட்டிக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் றமீஸ். கரை முழுவதும் வாயை மூடிக்கொண்டது. அவர் ஓடி வருகிறார், என் கையில் போன் அதிர்கிறது.

"கோல்! கோல்!"

கத்தியது நான்தான். நானா என் பக்கம் திரும்பினார். பந்து அவருக்கு மறுபக்கத்தால் போய் வலையில் விழுந்தது.

பிறகு என்ன சொல்ல? உச்சமுனை முழுவதும் என்னைப் பார்த்தது. பந்து உதைபடும் முன்பே கோல் என்று கத்திய ஒரே ஆள் நான்தானே. கொழும்பிலிருந்து எதிரணி கூட்டிவந்த ஆள் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். நானா எதையும் கேட்காமல் பாய்ந்து வந்தார். கையுறையோடு போனைப் பிடிக்க முடியாததால், நானே ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

பதிவு செய்த ஒரு பெண்குரல். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் இயந்திரத்திற்கு நாங்கள் வழங்கிய சேவையில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள்? மிகவும் திருப்தி என்றால் ஐந்தை அழுத்தவும். திருப்தி இல்லை என்றால் ஒன்றை அழுத்தவும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எஞ்சினை இன்னும் தொடவேயில்லை, அதற்குள் திருப்தியா? "ஒண்டு போடுங்க நானா! ஒண்டு!" என்றேன். அவர் பல்லால் கையுறையைக் கழற்றினார், விரலில் இருந்த மணலை மடித்துக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார், நிதானமாக ஐந்தை அழுத்தினார்.

"ஏன் நானா?"

"என்ட எஞ்சின் அவங்கட கையில இரிக்கி மிஸ்."

ஆட்டம் 2–1. றமீஸ் அந்தக் கோலைக் கணக்கில் எடுக்க வேண்டாம், திரும்ப அடிக்கிறேன் என்றார். நானாதான் விடவில்லை. ஐந்து மணிவரை அந்தக் கம்பத்தடியிலேயே இருவரும் நின்றோம், வேறு கோல் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் மனைவி தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் தந்து, "உங்களுக்கு எப்புடித் தெரியும், நீங்க புதுசு" என்று தேற்றினார். ரொட்டிக்குக் காசு கொடுக்கப் பார்த்து ஏச்சு வாங்கினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: திரும்பும் படகு 5.15க்கு, அதை விட்டால் காலைவரை இல்லை. தொப்பி, குடிதண்ணீர், சில்லறை கட்டாயம். கற்பிட்டியில் நான் தங்கிய அறை 4,500, மின்விசிறி மட்டும், ஆனால் அது சுற்றியது. தீவில் உடையில் கொஞ்சம் அடக்கம் நல்லது. யாருடைய போனையாவது கையில் வாங்கினால், என்னவென்று சத்தம் போட வேண்டும் என்பதை முதலே கேட்டுவையுங்கள்.

ஒரு கிழமை கழித்து றமீஸிடம் விசாரித்தேன். எஞ்சின் வரவில்லை. நானா அவருடைய படகில்தான் கடலுக்குப் போகிறார். அன்றைக்கே பஸ் செயலியும் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தது: உங்கள் ஏசி பயணம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை? நான் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போக வேறு பஸ் இருக்கிறது.