கழுகு வேண்டாம், மயிலைப் பேசு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

2009 ஜூன். ஊரில் சண்டை முடிந்து ஒரு மாதம். நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், மனோர் பார்க்கில், எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பேச்சுப் போட்டி. அங்கே பேச்சை ஆசிரியர்தான் எழுதிக் கொடுப்பார். நாங்கள் வீட்டில் பாடமாக்க வைப்போம், பிள்ளை மேடையில் ஒப்புவிக்கும். பொருள் விளங்கியதா என்று ஒருவரும் கேட்பதில்லை. 'எனக்குப் பிடித்த பறவை' என்றால் வருடா வருடம் மயில்தான்.

என் ஒன்பது வயது மகள் மட்டும் தானே எழுதினாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், நூலகத்தில் எடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் என் உயிரை வாங்கி, இமயமலைக் கழுகைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முடித்து ஆசிரியரிடம் கொடுத்தாள். சிறகை விரித்தால் பத்தடி வரும். செங்குத்துப் பாறையில் கூடு கட்டும். வருடத்துக்கு ஒரேயொரு முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். செத்ததைத் தின்று மலையைச் சுத்தமாக வைத்திருக்கும். 'அது ஒருவரையும் கொல்லாது' என்பது அவளுடைய கடைசி வசனம்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளிக்கூட அதிபர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, பிணந்தின்னிக் கழுகோ? ஊரிலை சனம் எப்பிடிச் செத்துக் கிடந்தது எண்டு தெரியும்தானே. செத்தவீட்டுக்காரர் கேட்டால் மனம் நோகாதோ? மயிலை அனுப்பிறன், பாடமாக்கி விடுங்கோ."

செத்தவீட்டுக்காரராம்! என் தம்பி அந்தச் சண்டையில்தான் செத்தான். அது அவருக்கும் தெரியும். துக்கம் விசாரிக்க வந்து, குட்மேய்ஸில் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்.

"மாஸ்டர், என்ரை தம்பியைக் கொன்றது கழுகில்லை" என்றேன்.

"ஓம், ஓம். ஆனால் கொமிற்றி முடிவெடுத்திட்டுது. இனி மாத்த ஏலாது."

என் துக்கத்துக்குக் காவல் நிற்கச் சொல்லி இந்தக் கொமிற்றியை யார் கேட்டது? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டார்களா? ஆனால் நானும் என்ன கிழித்தேன்? வாயை மூடிக்கொண்டு பிள்ளைக்கு மயிலைப் பாடமாக்கினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மேடையில் மகள் "சபையோருக்கு வணக்கம்" என்றாள்.

"மயிலைப் பற்றி எனக்குத் தெரியாது. கழுகைத்தான் தெரியும். அது ஒருவரையும் கொல்லாது. நன்றி."

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் அதிபர் நிகழ்ச்சி நிரலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழ்களை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். அவளுடையதிலும் 'தலைப்பு: மயில்' என்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, 'மயில்' என்ற சொல்லைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, கோணல் எழுத்தில் 'கழுகு' என்று எழுதினாள். என் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.