கிணற்றுக்குள் நின்ற மெஷின்

எண்பதுகளின் நடுவில், வேலணையில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் நானும் கணவரும் கூலி வேலை செய்தோம். சித்திரை வெயிலில் கிணற்று நீர் ஆழத்துக்குப் போய்விட்டதால், தோட்டக்காரர் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெஷினைக் கிணற்றின் பாதியில் பலகை போட்டு இறக்கி வைத்திருந்தார். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுவிட்டது. உள்ளே ஒரே புகை.

"இறங்கி ஸ்டார்ட் பண்ணும். பயிர் வாடுது," என்று தோட்டக்காரர் கணவரிடம் சொன்னார்.

"புகை போகட்டும் ஐயா," என்றேன்.

"அதுவரைக்கும் பயிர் பொறுக்குமோ பிள்ளை?"

கணவர் மறுக்கவில்லை. மாட்டுக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டித்தான் இறங்க விட்டேன். சற்று நேரத்தில் கூப்பிட்டேன், பதில் இல்லை. கயிறு என் கையில் கனத்தது. நான் அலறிய சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தார் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். மேலே வந்தவர் வாந்தி எடுத்து, மெல்லக் கண் திறந்தார்.

தோட்டக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்து, "மெஷின் தண்ணிக்குள்ளை விழேல்லைத்தானே?" என்றார்.

அன்றே அந்த வேலையை விட்டோம். இப்போது யார் வேலைக்குக் கூப்பிட்டாலும், மெஷின் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். கிணற்றுக்குள் என்றால், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்வதில்லை. அந்த வேறு ஆளுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். மெஷினை மேலே ஏற்றச் சொல்கிறேன்.